தண்ணி விழுதா?

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கம் பார்க்கிறவர்களெல்லாம் கேட்டுக்கொள்கிற கேள்வி இது. இந்த வருஷம் நான் யாரையும் கேட்கவில்லை. அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. தூக்கம் கெட்டு வாரக்கணக்காகியிருந்தது. எழும்பூரில் பொதிகை ரயில் ஏறிவிட்டேன்.

அமைதி தேடுகிறவன் சீசனில் குற்றாலத்துக்கா போவான்? போலீஸ் விசில், ரம்புட்டான் கூவல், சட்டியில் பொரியும் நேந்திரங்காய் சிப்ஸ், வழியெல்லாம் எண்ணெய்த் தலைகள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆரியங்காவுக் கணவாய் வழியே வருகிற காற்றில் அந்தச் சாரல் முகத்தில் பட்டதும் எனக்குச் சண்டைபோடும் தெம்பு போய்விட்டது.

எண்ணெய் தேய்த்துவிட்ட அண்ணாச்சியிடம், சீசன் முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"வயலு கெடக்குல்லா. பங்குனில வந்து பாரும், வெறும் பாறையும் கொரங்கும்தான். ஐப்பசில வெள்ளம் வந்தா குளிக்கவே விடமாட்டான். அதுக்கெல்லாம் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருந்தா முடியுமா?" என்றவர், என் பிடரியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "கல்லு மாதிரில்லா வச்சிருக்கீரு!"

பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர் என்கிறார்கள். அத்தனையும் நேரே தலையில் இறங்கினால் யாரும் நிற்க முடியாது. நடுவழியில் பொங்குமாங்கடல் என்றொரு ஆழமான பாறைப் பள்ளம் இருக்கிறது. தண்ணீர் அதில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் நம்மிடம் வருகிறது. ராத்திரி பதினோரு மணி வாட்ஸாப் செய்திகளுக்கு என்னிடம் அப்படியொரு பள்ளம் இல்லை. கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றேன். காதில் இரைச்சல், முதுகில் அடி, பக்கத்து ஆளின் முழங்கை. யோசிக்க இடமே இல்லை. விசில் ஊதித்தான் வெளியேற்றினார்கள்.

யோசனை வந்தது மாலையில், சித்திர சபையில். நடராசரின் ஐந்து சபைகளில் இங்கேதான் அவர் சுவரோவியமாக இருக்கிறார். அருவிக்கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. ஓவியங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது: பட்டியலில் பெயர் இருந்தால் என்ன செய்வது என்றே இத்தனை நாளும் புழுங்கியிருக்கிறேன். இல்லாவிட்டால் என்ன, இதே வேலையில் இன்னும் பத்து வருஷமா? அதை யோசித்ததே இல்லை. யோசித்தபோது சந்தோஷமாகவும் இல்லை.

ராத்திரி பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்குக் காத்திருக்கும்போது போனைத் திறந்தேன். பட்டியல் இன்னும் வரவில்லை. மேலாளருக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். சால்னா வந்துவிட்டதால் பாதியில் நிறுத்தினேன்.