மேசை நிறைய ஸ்கீட்

ஆங்கிலக் கவி சாசரைப் படிக்கிறவர்கள் இப்போது 1987இல் வந்த ரிவர்சைட் பதிப்பைத்தான் எடுக்கிறார்கள். மூலம், குறிப்பு, சொல்லடைவு எல்லாம் ஒரே புத்தகத்தில். சௌகரியம்தான். எனக்கு என்னவோ, அதற்கு முன்பே சாசரைப் பதிப்பித்த ஸ்கீட் பாதிரியார் இல்லாத குறை தீரவில்லை.

படிப்பை விட்டு வேறு பிழைப்புக்கு வந்து எத்தனையோ வருடமாகிறது. காண்டர்பரி கதைகளுக்காக அவருடைய மூன்று தொகுதிகளை நூலக மேசையில் ஒருசேர விரித்துவைத்த பகல்கள் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. நான்காம் தொகுதியில் மூலம், ஐந்தில் குறிப்பு, ஆறில் சொல்லடைவு. இடது கை ஒன்றில், வலது கை ஒன்றில். மூலம் மூடிக்கொள்ளாமலிருக்க அதன்மேல் பென்சில் டப்பா. பத்து வரி நகர்வதற்குள் நூலகம் மூடுகிற நேரம் வந்துவிடும். அந்த நத்தை வேகத்துக்குத்தான் இன்று ஏங்குகிறேன்.

வால்டர் வில்லியம் ஸ்கீட் (1835–1912) கேம்பிரிட்ஜில் படித்தது கணிதம். 1860இல் திருச்சபை ஊழியத்துக்கு வந்து, ஈஸ்ட் டெரமிலும் பிறகு கோடல்மிங்கிலும் உதவிப் பாதிரியாராக இருந்தார். தொண்டை நோய் கடுமையாகத் தாக்க, பிரசங்க வாழ்க்கை அதோடு நின்றது. 1864இல் படித்த கல்லூரிக்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கத் திரும்பினார். பொழுது மிச்சமிருந்தது, பழைய ஆங்கிலத்தில் இறங்கினார். அதே வருடம் பழம் பிரதிகளை அச்சேற்றச் சங்கம் தொடங்கிய ஃபர்னிவல், இவரை விடாமல் பிடித்துக்கொண்டார்.

'பியர்ஸ் ப்ளௌமேன்' ஏடுகளை ஒப்பிட்டு, அந்தக் கவிதையின் மூன்று வடிவங்களையும் 1886இல் அருகருகே அச்சிட்டார். சாசரின் ஆறு தொகுதிகள் 1894இல். அதற்குள் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியராகிவிட்டிருந்தார். ஆனாலும் முகப்பில் பெயருக்கு முன்னால் 'ரெவரெண்ட்' இருக்கிறது. நடுவில் ஒரு சொற்பிறப்பு அகராதி வேறு. முரண்டு பிடிக்கிற சொல்லுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குவாராம். அதற்குள் கிடைத்ததை எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார். கணக்கு வாத்தியார் புத்தி!

ஊகத்தில் சொற்பிறப்பு சொல்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. சாசர் குறிப்புகளிலும் முந்தைய உரைகாரர்களைத் திருத்துமிடத்தில் குரல் சற்று உயரும். எழுத்துக்கூட்டலைத் தன் இஷ்டத்துக்குச் சீர்படுத்தினார் என்று பின்னால் வந்தவர்கள் குறைசொன்னது நியாயமே. ரிவர்சைட் குறிப்புகள் பலர் கூடி எழுதியவை, நிதானமானவை, யாரையும் பகைத்துக்கொள்ளாதவை. தேர்வு எழுதப்போகிற பிள்ளைகளுக்கு நானே அதைத்தான் சிபாரிசு செய்வேன். எனக்கு வேண்டியதோ, வரி புரியாமல் விழிக்கும்போது பக்கத்திலிருந்து அதட்டுகிற அந்த ஒற்றைப் பாதிரியார்.