சரீரப் பிணை

"சேர், அவருக்குப் பிணை நிக்க ஒருவரும் இல்லை. நீங்கள் ஒருக்கா வருவியளோ?"

2021 ஆம் ஆண்டு மே மாதம், நாடெங்கும் பயணத்தடை விதிக்கப்பட்டிருந்த வேளையில், எமது வீட்டுப் படலைக்கு அப்பால் நின்று இவ்வாறு கேட்டவர் எம்மிடம் படிக்கும் மாணவனொருவனின் தாய். கணவர் மேசன் தொழிலாளி. வரவேண்டியிருந்த கூலியை வாங்கச் சைக்கிளில் அயலூருக்குப் புறப்பட்டவரைச் சந்தியிலே பொலிசார் மறித்தனர். வாய்த்தர்க்கம் மூண்டது. தடையை மீறிய குற்றத்தோடு, கடமைக்கு இடையூறு விளைத்த குற்றமும் சேர்ந்துகொண்டது. அன்று மாலையே நீதிமன்றுக்குக் கொண்டுசென்றனராம். நோய்த்தொற்று அச்சத்தினால் பிடிபட்டோர் அனைவரையும் வாகனத்திலேயே இருத்திவிட்டு, ஏடுகள் மட்டும் உள்ளே சென்றனவாம். பதினான்கு நாள் விளக்கமறியல் என்ற செய்தி ஏடுகளோடு திரும்பி வந்தது.

அடுத்த தவணையில் பிணை கிடைக்கலாம். இருவர் சரீரப் பிணை நிற்க வேண்டும். சரீரம் என்றால் உடம்பு. பிணை நிற்பவன் தன் உடம்போடு மன்றில் தோன்ற வேண்டும். ஆனால் அந்நாளில் உடம்போடு வீதியில் இறங்குவதே குற்றம்! கிராம அலுவலரின் உறுதிப்பத்திரத்துக்கும் பயண அனுமதிக்குமாக நாம் அலைந்த அலைச்சலை இங்கு விரிக்க வேண்டியதில்லை. அரசாங்க ஆசிரியர் என்ற பெயர் எமக்கு வழிவிட்டது. கூடவந்த மற்றைய பிணையாளர், ஒரு மரக்கறி வியாபாரி, மூன்று இடங்களில் மறிக்கப்பட்டார்.

தமிழ் கற்பிப்பவருக்குச் சொற்களைத் துருவிப் பார்க்கும் பழக்கம் எளிதில் விடுவதில்லை. நீதிமன்றச் சொற்களிற் பல உடம்பைப் பற்றியே பேசுகின்றன. ஆட்கொணர்வு மனு என்கிறோம். ஆளைக் கொண்டுவா என்பதே அதன் பொருள். தடுத்து வைக்கப்பட்டவர் அண்மையிலுள்ள நீதிபதியின் முன்னே கொண்டுவரப்படல் வேண்டும் என எமது அரசியலமைப்பின் 13(2) ஆம் உறுப்புரை பணிக்கின்றது. பிடியாணையின்றிக் கைதானவரை 24 மணித்தியாலத்துள் நீதவான்முன் முற்படுத்துமாறு 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் விதிக்கின்றது. பிடித்தவனின் கையில் அகப்பட்டவன் என்ன நிலையில் இருக்கின்றான் என்பதை மூன்றாமவர் ஒருவரின் கண் காணட்டும் என்பதற்காகவே இவ்வளவும்.

கொள்ளைநோய் வந்தபோது நீதிமன்றங்கள் கைகட்டி இருந்தன என்று நாம் கூறவரவில்லை. 2020 மார்ச் 20 இல் ஊரடங்கு தொடங்கியதும் அவசர வழக்குகளை மட்டும் எடுத்தனர். ஏனையவற்றுக்கு நீண்ட தவணை கொடுத்தனர். சிறைகளில் நெரிசலைக் குறைக்க, ஏப்ரல் தொடக்கத்துக்குள் ஏறத்தாழ 3,000 பேர் பிணையில் விடப்பட்டனர். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒரு கதவால் வெளியே விட்டவர்கள் மறு கதவால் உள்ளே இழுத்தனர். சில மாதங்களுக்குள் ஊரடங்கை மீறியதாக 60,000 பேருக்கு மேல் கைதாகினர். நீதவான் நீதிமன்றங்களிற் சிறு குற்றங்களுக்குப் பெரும்பாலும் பொலிசாரே வழக்குத்தொடுநர். பிடித்தவரும் அவரே, குற்றப்பத்திரம் எழுதியவரும் அவரே, மன்றில் வாதிப்பவரும் அவரே. எதிரி வாகனத்தில் இருக்க ஏடு மட்டும் உள்ளே போனால், அந்த ஏட்டில் ஒலிப்பது எவர் குரல்?

2020 நவம்பர் 29 இல் மஹர சிறையில், நோய்ப் பரிசோதனை கேட்டுக் கிளர்ந்த கைதிகளுள் 11 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் இன்னும் தீர்ப்பே பெறாத விளக்கமறியற் கைதிகள்.

காணொளித் திரையையும் நாம் வெறுக்கவில்லை. அடுத்த திகதியைக் கேட்பதற்காக மட்டும் விலங்கு மாட்டி, சிறை வண்டியில் அடைத்து, ஒரு பகல் முழுவதும் பட்டினி போட்டு ஆட்களை ஏற்றியிறக்கும் வழக்கம் கொடியது. அதற்குத் திரை நல்ல மாற்று. 2021 ஆகஸ்டில் நிறைவேறிய 17 ஆம் இலக்கச் சட்டமும் தொலைத்தொடர்பு வாயிலாக வழக்கு நடத்த வழிசெய்தது.

எனினும், அந்தத் தவணை நாளிலே நாம் கண்டதை மறைப்பதற்கில்லை. சுவரிலிருந்த திரையில் நம் மேசன் தோன்றினார். பாதி முகம் கவசத்துக்குள். அருகே ஓர் அலுவலரின் தோள். ஏதும் சொல்ல இருக்கின்றதா என்று வினவப்பட்டது. அவர் வலக்கையை உயர்த்தினார். உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றுவிட்டது, படம் உறைந்துபோயிற்று. வாய் அசைந்திருக்கலாம், ஒலி வரவில்லை. மீண்டும் தொடர்பு வந்தபொழுது அடுத்த கைதி நின்றார். பிணை வழங்கப்பட்டது. நாம் ஒப்பமிட்டோம்.

மாலையில் வெளியே வந்தவரின் மணிக்கட்டைப் பார்த்த பின்புதான் அவர் கையை உயர்த்தியது ஏன் என்பது எமக்கு விளங்கியது. பிடிபட்ட அன்று முறுக்கப்பட்ட கை. வீக்கம் வற்றி, எலும்பு கோணலாகப் பொருந்தியிருந்தது.

உயர்தர வகுப்பில் ஆண்டுதோறும் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்துகிறோம். கண்ணகியின் சினத்தையும் பாண்டியன் உயிர் துறந்ததையும் விதந்து பேசுவோம். கோவலன் ஒருபொழுதும் அவைக்குக் கொண்டுவரப்படவில்லை என்பதை நாம் அழுத்திச் சொன்னதில்லை. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட மன்னன், ஆளைக் காணாமலே ஆணையிட்டான். 2020 ஜூன் 19 இல், தமிழகத்துச் சாத்தான்குளத்தில், நேரங்கடந்து கடை திறந்திருந்ததாகத் தந்தையும் மகனும் பிடிக்கப்பட்டனர். காயத்தோடிருந்த அவர்களைச் செவ்வனே பாராமற் சிறைக்கு அனுப்பினர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சில நாள்களுள் இருவரும் மாண்டனர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே அவ்வழக்கைக் கையிலெடுத்தது. செய்தியைப் படித்தபோது எமக்குக் கோவலன் நினைவு வரவில்லை. மேசனின் கையைக் கண்ட பின்பே வந்தது. இதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

கையைப் பற்றி முறைப்பாடு செய்வோம் என்றோம். "விடுங்கோ சேர், பிறகு ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட் சம்பளம் போகும்" என்றார். 2022 இல் வழக்கு எடுக்கப்பட்டபோது குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார். அன்று அவர் மன்றில் நேராகவே நின்றார். ஒரு நிமிடமும் ஆகவில்லை. எவரும் கையைப் பார்க்கவில்லை. இப்பொழுது சாந்து பூசுவதற்கு இடக்கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். முன்பு ஒரு நாளில் முடித்த சுவர் ஒன்றரை நாள் பிடிக்கிறதாம்.