உதிரப் போகும் இலைக்கு எதற்கு வைட்டமின்?

வைட்டமின் சி, ஈ என்றதும் மருந்துக் கடை மாத்திரையும், "என்றும் இளமை" விளம்பரமும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் இவை இரண்டும் செடிகொடிகளின் சொந்தச் சரக்கு. மனித உடலால் இவற்றைத் தயாரிக்க முடியாது. இலை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

இலைக்கு எதற்கு இது? பகல் முழுக்க வெயிலில் நிற்கிறதே, அதற்குத்தான்! பச்சையம் உறிஞ்சிய ஒளியில் செலவாகாமல் மிஞ்சுவது, பக்கத்திலுள்ள ஆக்சிஜனை முரட்டுத்தனமாக மாற்றிவிடும். அது பசுங்கணிகச் சவ்வுகளின் கொழுப்பைத் தாக்கும். வைட்டமின் ஈ கொழுப்பில் கரையும் என்பதால் சவ்வுக்குள்ளேயே இருந்து தடுக்கிறது. தடுத்ததில் தானே கெட்டுப்போன வைட்டமின் ஈ-யை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது, நீரில் கரையும் வைட்டமின் சி.

அப்படியானால் வைட்டமின் தீர்ந்துபோவதால்தான் இலை கிழடாகிறதா? அப்படித்தான் தோன்றும். ஆனால் ஐரோப்பாக் காடுகளின் பீச் மரத்தில் (பழம் தரும் பீச் வேறு, இது வேறு) நடப்பது நேர் எதிர். வசந்தத்தில் விரிந்த இளம் இலையைவிட, கோடையைத் தாண்டிய முதிர்ந்த இலையில்தான் வைட்டமின் ஈ அதிகம்!

பச்சையத்துக்கு 'ஃபைட்டால்' என்று ஒரு நீண்ட வால் உண்டு. பச்சையம் சிதையும்போது பிரியும் அந்த வாலைக் கொண்டே இலையால் வைட்டமின் ஈ செய்துகொள்ள முடியும். இதற்கு உதவும் மரபணு ஒன்று, அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2006-ல் அடையாளம் காணப்பட்டது. பழைய வீட்டை இடித்த மரத்திலேயே சாரம் கட்டுவது போல...

சரி, எப்படியும் உதிரப் போகிற இலைக்கு ஏன் இவ்வளவு காவல்? மரத்துக்கு இலை முக்கியமல்ல, இலைக்குள் இருக்கும் நைட்ரஜன்தான் முக்கியம். உதிர்வதற்கு முன் அதில் ஏறக்குறைய பாதியை, சில மரங்கள் அதற்கும் மேலே, கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. இது ஒரே நாளில் முடிகிற வேலையல்ல, வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களிலும் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்கும். ஒளியைப் பயன்படுத்தும் அமைப்போ ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டுக்கொண்டிருக்கும். அதற்குள் செல்கள் செத்துவிட்டால் மிச்ச நைட்ரஜன் இலையோடு மண்ணுக்குப் போய்விடும். உறைபனி முன்கூட்டியே வந்து பச்சை இலைகளைக் கொன்றுவிடும் ஆண்டுகளில் மரத்துக்கு இந்த நஷ்டம்தான்.

ஆக, வைட்டமின் ஈ இங்கே முதுமையைத் தடுக்கவில்லை. அது அவசரப்படாமல் நடக்க நேரம் வாங்கித் தருகிறது. காப்பாற்றப்பட்ட நைட்ரஜன் குளிர்காலம் முழுக்கப் பட்டையிலும் கட்டையிலும் புரதமாகக் கிடந்து, மறு வசந்தத்தில் புதுத் துளிர்களுக்குப் போகிறது.