பெட்ரோல் டேங்க் ஊதிப் போகுமா?

பைக் வாங்கும்போது பொதுவாகக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. மைலேஜ் எவ்வளவு? மாதத் தவணை எவ்வளவு? டேங்க் எதில் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. இரும்போ பிளாஸ்டிக்கோ, பெட்ரோல் ஊற்றினால் நிற்கிறது, அவ்வளவுதானே! பெட்ரோல் வெறும் பெட்ரோலாக இருந்தவரை இது சரியாகவே இருந்தது. இப்போது பங்கில் ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், அதாவது சாராயத்தில் இருக்கும் அதே சரக்கு. டேங்க் எதில் செய்தது என்ற கேள்விக்கு இப்போதுதான் அர்த்தம் வந்திருக்கிறது.

இது திடீரென்று முளைத்த திட்டம் இல்லை. 2003-லேயே ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதம் கலக்கச் சொன்னார்கள், அதில் தமிழ்நாடும் உண்டு. காகிதத்தில் இருந்த அளவுக்கு டேங்கில் இல்லை. 2014-ல்கூட நாடு முழுக்கச் சராசரி கலப்பு 2 சதவீதத்தைத் தொடவில்லை. பிறகுதான் வேகம் பிடித்தது. 2022 ஜூனில் 10 சதவீதம். 2023 பிப்ரவரியில் பெங்களூரில் இ20 அறிமுகம். 2025-ல் 20 சதவீதத்தை எட்டியாயிற்று. முதலில் இதற்குக் குறித்திருந்த வருடம் 2030! அரசு வேலை ஐந்து வருடம் முன்னதாக முடிந்தது என்று சந்தோஷப்படலாம்தான். ஆனால் தெருவில் ஓடும் வண்டிகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே பிறந்துவிட்டது. எத்தனாலைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வர ஆரம்பித்ததே 2023 ஏப்ரலை ஒட்டித்தான்.

சரி, டேங்க் விஷயத்துக்கு வருவோம்.

பிளாஸ்டிக் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் ஜாதிகள் பல. தண்ணீர்க் குடம், பெயின்ட் டப்பா, மண்ணெண்ணெய் கேன் எல்லாம் பெரும்பாலும் பாலிஎத்திலீன். எத்தனால் இதை ஒன்றும் செய்யாது. இதன் குறை வேறு: பெட்ரோல் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் வழியாகவே வெளியே கசியும். அதனால் இதன் மேல் பெயின்ட் நிற்காது, ஸ்டிக்கர் ஒட்டினால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அழகாகப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் டேங்க் வேண்டும், ஆவியும் கசியக் கூடாது என்றால் கம்பெனிகள் நைலானுக்குப் போவார்கள். அங்கேதான் வந்தது வினை. நைலான் தண்ணீரையும் எத்தனாலையும் உறிஞ்சும். உறிஞ்சினால் ஊதும்.

இதற்குப் பேர்போன உதாரணம் இத்தாலியின் டுகாட்டி. அமெரிக்காவில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் பரவிய பிறகு, அங்கே இந்த பைக்குகளை வைத்திருந்தவர்கள் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார்கள். சர்வீசுக்காகக் கழற்றிய டேங்க் திரும்ப உட்கார மறுத்தது. போல்ட் ஓட்டைகள் நேருக்கு நேர் வரவில்லை. டேங்க் வளர்ந்திருந்தது! சிலருக்கு அது ஹேண்டில்பாரில் இடிக்கும் அளவுக்குப் போயிற்று. புது டேங்க் போட்டாலும் அதே பெட்ரோல், அதே கதை. விஷயம் கோர்ட்டுக்குப் போய், 2010-களின் தொடக்கத்தில் நீட்டித்த வாரன்டி, டேங்க் மாற்றித் தருவது என்று சமரசத்தில் முடிந்தது. பத்து சதவீதத்துக்கே இந்தப் பாடு.

"நம்ம ஊரில் ஏது டுகாட்டி?" என்று கேட்பீர்கள். வாஸ்தவம்தான். திருவண்ணாமலை மாட வீதியில் ஓடுபவை நூறு சிசி பைக்குகளும் ஸ்கூட்டர்களும் டிவிஎஸ் மொபெட்டுகளும்தான். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரும்புத் தகட்டு டேங்க். இப்போதைய பல பைக்குகளில் வெளியே பிளாஸ்டிக்காகத் தெரிவது வெறும் மேல்மூடி, உள்ளே இருப்பது தகடு. காந்தத்தை வைத்துப் பார்த்து ஒட்டவில்லையே என்று பயந்துவிட வேண்டாம்.

ஆனால் நம்மூருக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் டேங்க் உண்டு. ஃபைபர் டேங்க். பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கை வாங்கி, நீளமான பழங்கால ரேஸ் பைக் மாதிரி மாற்றும் ஆசை கல்லூரிப் பையன்களுக்கு எப்போதும் உண்டு. கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் ரெசினையும் அச்சில் தடவிக் காயவைத்துச் செய்வது இது. சீட்டுக்கும் மட்கார்டுக்கும் அருமையான பொருள். பெட்ரோல் டேங்குக்கு? பிரிட்டனில் 1970-களிலேயே வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். அப்போது எத்தனால் பிரச்சினைகூட இல்லை. விபத்தில் உடைந்து தீப்பிடிக்கும் என்ற பயம்தான் காரணம். எத்தனால் வந்த பிறகு இன்னொன்று சேர்ந்தது. சாதாரண பாலியெஸ்டர் ரெசினை அது மெதுவாக இளக்கிக் கரைக்கிறது. அமெரிக்காவில் ஃபைபர் டேங்க் வைத்த பழைய படகுகளில் 2000-களின் நடுவில் இது பெரிய தலைவலியானது. கரைந்த ரெசின் இன்ஜினுக்குள் போய், வால்வுகளில் கறுப்புப் பிசினாக ஒட்டிக்கொண்டது.

போளூர் ரோட்டுப் பக்கம் ஒரு ஷெட்டில் ஒரு மாணவருடைய பைக்குக்கு நடந்ததும் இதுதான். பகுதி நேரமாக சாப்பாடு டெலிவரி செய்து சேர்த்த காசில் அவர் மாட்டிய டேங்க் அது. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஒரு வருடம் ஆவதற்குள் மூடியைச் சுற்றிப் பெயின்ட் குமிழ் விட்டது. பிறகு கார்புரேட்டர் ஜெட் வாராவாரம் அடைத்தது. மூன்றாவது முறை கழற்றியபோது மெக்கானிக் விரலில் ஒட்டிய பிசினை முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இது தூசி இல்ல. உன் டேங்க்தான் கரைஞ்சு வருது."

"ஃபைபர் போயி கரையுமாண்ணே?"

"எனக்கும் முதல்ல நம்பிக்கை இல்ல. அடியில தொட்டுப் பாரு, மெத்துன்னு இருக்கு பாரு."

இருந்தது. டேப்பைச் சுற்றி ஈரமும் இருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே சூடான இன்ஜின். பௌர்ணமி இரவில் கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே பார்சலோடு அந்த வண்டி எத்தனை முறை ஊர்ந்திருக்கும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. பழைய ஒரிஜினல் தகட்டு டேங்க் எங்கே என்று கேட்டார் மெக்கானிக். அதைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. இப்போது அதே மாடல் டேங்க் தேடி வேலூர் வரை போன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது கிடைக்கும்வரை டெலிவரியும் இல்லை.

இரும்பு டேங்க் வைத்திருப்பவர்கள் தப்பித்தார்களா என்றால், அவர்களுக்குக் கவலை வேறு. எத்தனால் தண்ணீரோடு உறவு கொண்டாடும். காற்றில் உள்ள ஈரத்தைக்கூட இழுக்கும். 10 சதவீதக் கலப்புப் பெட்ரோல் சுமார் அரை சதவீதம் தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். பத்து லிட்டருக்கு 50 மில்லி, அதாவது அரை டீ கிளாஸ். அதற்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பிரிந்து அடியில் இறங்கிவிடும். 20 சதவீதக் கலப்பு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் பிரிந்தால் அடியில் சேரும் சரக்கும் அதிகம். இன்ஜினுக்குப் போகும் டேப் இருப்பதும் அடியில்தான்! தகடு துருப்பிடிப்பதும் அங்கேதான்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை இந்த ஊரைப் புரட்டிப் போட்டதே, அந்த மாதிரி சமயங்களில் மூடி வாஷர் தேய்ந்த வண்டிகளின் டேங்குக்குள் அரை டீ கிளாஸ் தண்ணீர் போவது பெரிய காரியமே இல்லை. ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே பங்குக்குப் போய், தண்ணீர் கலந்துவிட்டான் என்று சண்டை போடுவார்கள். பங்க்காரர் மீது எப்போதுமே தப்பில்லை என்பதல்ல. ஆனால் சண்டைக்கு முன்னால் ஒரு பாட்டில் பரிசோதனை செய்து பார்க்கலாம். தெளிவான பாட்டிலில் 100 மில்லி பெட்ரோல், 20 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், அடியில் நிற்பது 20 ஆக இருக்காது. ஏறக்குறைய 40 வரை ஏறியிருக்கும். கூடுதலாக வந்தது பெட்ரோலிலிருந்து இறங்கிய எத்தனால். இதை வீட்டு அடுப்பங்கரையில் செய்து வைக்காதீர்கள், அம்மா கையால் அடி நிச்சயம்.

ஆகவே இந்த மழைக்கும் ஈரத்துக்கும் துருவே பிடிக்காத நல்ல பாலிஎத்திலீன் டேங்க்தான் இரும்பைவிட மேல் என்றுகூடச் சொல்லலாம். பிளாஸ்டிக்கே மோசம் என்பது அவசர முடிவு. எந்தப் பிளாஸ்டிக், எந்தப் பெட்ரோல் என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். டேங்க் மட்டுமல்ல, டேப்புக்குள் இருக்கும் ரிங், பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் மிதவை எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். சாதாரண ரப்பர் ஊதி இறுகும், ஃப்ளோரோ ரப்பர் தாங்கும்.

இனி கணக்கு. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே பழைய வகை டூவீலர்களுக்கு 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்றது. மாதம் 1000 கிலோமீட்டர் ஓடும், லிட்டருக்கு 50 தரும் வண்டியை எடுத்துக்கொள்வோம். 4 சதவீதம் குறைந்தால் 48. இருபது லிட்டர் ஆகுமிடத்தில் 20.83 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 83 ரூபாய், வருடத்துக்கு ஆயிரம். வேட்டவலத்திலிருந்து தினமும் பூ மூட்டையோடு வருபவருக்கு ஆயிரம் ரூபாய் ஆயிரம் ரூபாய்தான். அதில் டியூப், ரிங், டேங்க் செலவு சேரவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. இறக்குமதி எண்ணெய் குறைகிறது, கரும்பு விவசாயிக்குப் பணம் போகிறது என்பது அரசின் வாதம். திருவண்ணாமலை கரும்பு விளையும் மாவட்டம், ஆலை பாக்கிக்காக வருடக்கணக்கில் அலைந்தவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு நாலு காசு வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் விலையைப் பாருங்கள். 2024-25-ல் சர்க்கரை எடுத்து முடித்த கடைசிக் கழிவுப் பாகிலிருந்து வரும் எத்தனாலுக்கு லிட்டர் 57.97 ரூபாய், மக்காச்சோள எத்தனாலுக்கு 71.86. கலப்பதால் பெட்ரோல் மலிவாகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். வணிகவியல் பாடத்தில் எக்ஸ்டர்னாலிட்டி என்று ஒன்று படிப்பார்கள். லாபம் ஓரிடத்தில், செலவு வேறொருவர் தலையில். பழைய வண்டி வைத்திருப்பவரின் ரிங்கும் வாஷரும் இதற்குச் சரியான உதாரணம்.

எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்கில் கிடைக்க வேண்டும் என்று போட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆக, பெட்ரோல் மாறப் போவதில்லை. மாற வேண்டியது வண்டிதான். பிரேசிலில் 1970-களின் கடைசியில் எத்தனால் கார்கள் வந்த புதிதில் டேங்கும் கார்புரேட்டரும் அரித்துத் தொல்லை கொடுத்தன. தகரப் பூச்சு, நிக்கல் பூச்சு என்று கம்பெனிகளே பாகங்களை மாற்றித்தான் அதைச் சரி செய்தார்கள். 2009-ல் ஹோண்டா அங்கே எந்தக் கலப்பிலும் ஓடும் பைக்கையே விட்டது. ஓசூரில் இருக்கும் டிவிஎஸ் 2019-ல் எத்தனாலில் ஓடும் அப்பாச்சியைக் கொண்டுவந்தது. தொழில்நுட்பம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, பழைய வண்டிக்குத்தான் எட்டவில்லை.

ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வண்டி வாடகைக்கு விடுபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். மார்ச்சோடு சீசன் முடிந்தால் வண்டிகள் மாதக்கணக்கில் நிற்கும். பாதி டேங்க் பெட்ரோலோடு நிறுத்துவதுதான் இருப்பதிலேயே மோசம், மேலே இருக்கும் காலி இடத்தில் ஈரக் காற்று போய் வரும். நீண்ட நாள் நிற்கப் போகும் வண்டி என்றால் டேங்கை முழுக்க வடித்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து அதையும் காலி செய்து, மூடி வாஷரை மாற்றி, நிழலில் நிறுத்த வேண்டும். வடித்த பெட்ரோலை அன்றைக்கே ஓடுகிற வேறு வண்டியில் ஊற்றிவிடலாம். தண்ணீர் பாட்டிலில் பிடித்து ஷெட் மூலையில் வைக்க வேண்டாம், தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள்.