குடியரசு சுமந்த கடன்

பெட்டாலிங் ஜெயாவுக்கு வடமேற்கே, கோலா சிலாங்கூரில், ஆற்று முகத்துவாரத்தை நோக்கி நிற்கின்றது புக்கிட் மெலாவத்தி. அங்குள்ள பீரங்கிகளைக் கண்டு களிக்கும் மாணவர்கள், 1784-ஆம் ஆண்டு அக்குன்றைக் கைப்பற்ற வந்தவை ஒரு மன்னனின் கப்பல்கள் அல்ல, ஒரு குடியரசின் போர்க்கப்பல்கள் என்பதை அறிதல் வேண்டும்.

அக்குடியரசு நெதர்லாந்து. ஸ்பானிய மன்னனின் ஆட்சியை 1581-இல் உதறி, நெடும்போர் புரிந்து, 1648-இல் அம்மன்னனே ஒப்புக்கொள்ளுமாறு விடுதலை பெற்ற நாடு அது. எனினும், அந்நியர் ஆட்சி தமக்கு ஆகாதென்று குருதி சிந்திய அம்மக்களே பிறர் மண்ணில் அந்நியராய்ப் புகுந்தனர். 1602-இல் கிழக்கிந்தியக் கும்பினியைத் தோற்றுவித்து, போர் தொடுக்கவும் கோட்டை கட்டவும் அதற்கு உரிமை அளித்தனர். வாளும் தராசும் ஒரே கையில் சேர்ந்தன.

அதற்குரிய விலையை முதலில் கொடுத்தவர் யாவர்? சாதிக்காய் விளைந்த பண்டா தீவுகளில் ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்தனர் என்பர். 1621-ஆம் ஆண்டுப் படையெடுப்புக்குப் பின் அவர்களுள் எஞ்சியோர் மிகச் சிலரே. மலாக்கா 1641-இலும் நாகப்பட்டினம் 1658-இலும் கும்பினியின் வசமாயின. அதனை அடுத்துத் தஞ்சையைப் பஞ்சம் வாட்டியபோது, பசியால் விலைபோன தமிழர் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டனர். இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர் வருவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்த கொடுமை இது.

பின்னர்க் குடியரசின் முறை வந்தது. 1780-இல் பிரிட்டனோடு போர் மூண்டது. மறு ஆண்டே நாகப்பட்டினம் பறிபோயிற்று. ரியாவின் ராஜா ஹாஜி மலாக்காவை முற்றுகையிட்டபோது, கும்பினியால் தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலவில்லை. குடியரசே தன் கடற்படையை அனுப்ப நேர்ந்தது. 1784-இல் ராஜா ஹாஜி போர்க்களத்தில் வீழ்ந்தார். அவருக்குத் துணைநின்ற சிலாங்கூர் சுல்தான் இப்ராகிம் பகாங்குக்குப் பின்வாங்கினார். ஆயினும் 1785-இல் திரும்பிவந்து தம் கோட்டையை மீட்டார்.

1795-இல் பழைய குடியரசு பிரெஞ்சுப் படையின்முன் சரிந்தது; அவ்வாண்டே மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. 1799-இன் இறுதியில் கும்பினியும் மறைந்தது. ஆதாயத்தைப் பங்காளிகள் உண்டனர். கடனோ அரசின் தலையில் விழுந்தது. 1806-இல் நெப்போலியனின் தம்பி லூயி அந்நாட்டின் மன்னனாக அமர்த்தப்பட்டான். மன்னனை உதறிப் பிறந்த நாடு மன்னனின் கீழேயே வந்து சேர்ந்தது.

கோட்டைகளைக் காட்டி வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தக் கணக்கையும் உடன் காட்டுதல் நன்று. தன் விடுதலையைப் போற்றும் மக்கள் பிறர் விடுதலையைப் பறிக்கத் துணிந்தால், அதன் சுமை என்றேனும் அவர்தம் இல்லத்துக்கே வந்து சேரும்.