எந்தப் புலி?

அந்தமானில், மின்னி பேயில் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் ஒரு காக்கிச் சட்டை இருக்கிறது. அதன் கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, முக்கோணமாக ஒரு துணிப் பட்டை. முக்கோணத்துக்குள்ளிருந்து மஞ்சள் புலி ஒன்று காலெடுத்து வெளியே வருகிறது. தாத்தாவின் சட்டை. "நேதாஜி படைப் புலிடா" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேர் ஜிம்கானா மைதானத்தில் நேதாஜி மூவர்ணக் கொடி ஏற்றியபோது தாத்தா அணிவகுப்பில் நின்றார் என்று சித்தப்பா சத்தியமே செய்வார். அவர் பிறந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து.

போன மழைக்காலத்தில் சட்டையை வெளியே எடுத்தபோதுதான் எனக்கு உறுத்தியது. நேதாஜி போஸ் ஜெர்மனியில் திரட்டிய படையினர் சட்டைக் கையில் அணிந்தது மூவர்ணக் கேடயம். அதன் குறுக்கே பாயும் புலி. மேலே 'சுதந்திர இந்தியா' என்று ஜெர்மன் மொழியில் எழுத்து. எங்கள் புலி பாயவில்லை, நிதானமாக நடக்கிறது. மூவர்ணமும் இல்லை.

படைச் சின்னப் படங்களோடு ஒப்பிட்டதில் விடை சீக்கிரமே கிடைத்தது. 26-ஆவது இந்திய காலாட்படை டிவிஷன். பிரிட்டிஷ் இந்தியப் படை, அதாவது எதிர்த் தரப்பு! முக்கோணம் கங்கைக் கழிமுகம், புலி வங்கப் புலி.

ஆனால் விடுதலைக்குப் பின் ஜம்முவில் நிற்கும் 26-ஆவது டிவிஷனுக்கும் 'புலி டிவிஷன்' என்றே பெயர். இது எந்தக் காலத்துப் பட்டை? அபர்தீன் பஜாரில் நோட்டுச் சோதிக்கும் புற ஊதா விளக்கை இரவல் வாங்கிவந்து காட்டினேன். பளீரென்று நீலமாக மின்னியது. மனசு விட்டுப்போயிற்று. அந்தக் காலத்துப் பருத்தி நூல் அப்படி மின்னாது. பிற்காலப் போலிகளைப் பிடிக்கச் சேகரிப்பாளர்கள் செய்யும் முதல் சோதனையே இதுதான். அம்மாவிடம் புலம்பினேன். "வருஷா வருஷம் சோப்புத் தூள் போட்டுத் துவைக்கிறேனே, மின்னாம என்ன செய்யும்?" என்றார். தூளில் இருக்கும் வெளுப்பூட்டி துணியில் தங்கிவிடுமாம். பாதிச் சேகரிப்பாளர்களுக்கு அம்மா பாடம் எடுக்கலாம்.

அடுத்து நூல். தையலில் ஓர் இழையைக் கொளுத்தினால் உருகி மணியாகச் சுருண்டது: பாலியஸ்டர். "பூச்சி அரிச்சுத் தொங்குச்சு, நான்தான் திரும்பத் தைச்சேன்." அதுவும் அம்மாவே. பட்டையில் போட்டிருந்த பூவேலை நூலோ காகிதம் போல எரிந்து சாம்பலாயிற்று: பருத்தி. பருத்தி மட்டும் வருஷம் சொல்லாது என்பதால் தையலைப் பிரித்தேன். அடியில் வெயில் படாத கருங்காக்கி, அதே அளவு முக்கோணம். அம்மாவின் ஊசித் துளைகளுக்குள்ளே பழைய துளைகள் இன்னொரு வரிசை. பட்டையின் ஓரத் துளைகளோடு அவை பொருந்தின. கழுத்துப்பட்டியின் உள்பக்கம் மங்கிய கறுப்பு முத்திரை, அம்புக்குறியும் 1944-ம்.

ஆக, போர்க்காலம்தான். தாத்தாவின் ரெஜிமெண்ட் எது என்று அந்தப் புலி சொல்லாது. டிரைவர், சமையற்காரர், சாப்பர் எல்லோருக்கும் ஒரே டிவிஷன் சின்னம். டிவிஷன் போன வழி மட்டும் தெரியும்: அரக்கான், 1945 ஜனவரியில் ராம்ரீ தீவு, மே மாதம் ரங்கூன்.

ரங்கூனில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். போஸ் ஏப்ரல் கடைசியில் அங்கிருந்து கிளம்பும்போது, நகரில் கொள்ளை நடக்காமல் பார்த்துக்கொள்ள இந்திய தேசிய ராணுவ (ஐ.என்.ஏ.) வீரர்கள் சில ஆயிரம் பேரை விட்டுப்போனார். அவர்களுக்குத் தலைமை ஏ.டி. லோகநாதன் என்ற தமிழ் மருத்துவர். 1944-இல் போஸின் ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் போர்ட் பிளேருக்கு நிர்வாகியாக வந்து, தீவைப் பிடித்திருந்த ஜப்பானியர் அதிகாரத்தை விட்டுக்கொடுக்காததால் வெறும் பெயருக்கு இருந்துவிட்டுப் போனவர். ரங்கூனுக்குள் பிரிட்டிஷ் படை வந்ததும் அவரும் அவர் ஆட்களும் சரணடைந்தார்கள். வந்த படை புலிச் சின்ன டிவிஷன்.

சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி வெகுநேரம் பேசவில்லை.

"அப்போ அப்பா ரங்கூன்ல லோகநாதனப் பாத்திருப்பாரோ?"

"பாத்திருக்கலாம் சித்தப்பா, சொல்ல முடியாது."

அடுத்த வாரம் ஜங்கிளிகாட் மீன் கடையில் யாரிடமோ அவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ரங்கூனில் லோகநாதன் தாத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.