19 ஓநாய்களைக் குடியேற்றிய தீவு!

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹௌட்டன் என்றொரு சிற்றூர். அங்கிருந்து கிளம்பும் ‘ரேஞ்சர் 3’ கப்பல், சுப்பீரியர் ஏரியில் சுமார் 6 மணி நேரம் போகிறது. பெயர்தான் ஏரி. நடுவில் போய்விட்டால் கரை தெரியாது, கடல்தான்! பயணம் முடியும் இடத்தில் தேவதாரு மரங்கள் அடர்ந்த ஒரு நீளமான தீவு. அதுதான் ஐல் ராயல் தேசியப் பூங்கா.

72 கிலோமீட்டர் நீளம், அதிகபட்சம் 14 கிலோமீட்டர் அகலம். கார் ஓட ரோடு கிடையாது. எங்கே போவதென்றாலும் நடை, இல்லாவிட்டால் படகு. குளிர்காலத்தில் பூங்காவையே மூடிவிடுவார்கள். இன்னொரு கண்டிப்பான விதி, நாயைக் கூட்டி வரவே கூடாது. காரணம் பிறகு வருகிறது.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸ் மான்கள் இங்கே வந்து சேர்ந்தன. நீந்தி வந்திருக்கலாம் என்கிறார்கள். 1940-களின் கடைசியில், ஏரி உறைந்து பாலமாகிக் கிடந்த ஒரு குளிர்காலத்தில் ஓநாய்கள் நடந்தே வந்தன. ஒரு பெண், ஒன்றிரண்டு ஆண்கள்... அவ்வளவுதான். தீவின் மொத்த ஓநாய்ப் பரம்பரையும் அந்தச் சின்னக் குடும்பத்திலிருந்து கிளைத்தது என்பதைப் பின்னாளில் மரபணுச் சோதனை சொன்னது.

1958-ல் டர்வர்ட் ஆலன் என்ற விஞ்ஞானி இங்கே ஓநாய்களையும் மூஸ்களையும் எண்ணத் தொடங்கினார். பிறகு ரால்ஃப் பீட்டர்சன், ஜான் வுசெடிச் என்று கைமாறி, அந்தக் கணக்கு இன்றுவரை தொடர்கிறது. 1980-ல் 50 ஓநாய்கள். இரண்டே வருடத்தில் 14! ‘பார்வோ’ என்ற நாய் வைரஸ்தான் காரணம். யாரோ கூட்டி வந்த நாயிடமிருந்து பரவியிருக்க வேண்டும். நாய்களுக்கு ஏன் தடை என்று இப்போது புரிந்திருக்கும்.

ஓநாயைப் பிடிக்காமலேயே அதன் ஜாதகத்தைப் படிக்க ஒரு வழி உண்டு. காட்டுப் பாதையில் கிடக்கும் எச்சத்தைச் சேகரிப்பது. அதில் ஒட்டியிருக்கும் குடல் செல்களில் டி.என்.ஏ. இருக்கும். எந்த ஓநாய், யாருக்குப் பிறந்தது, யாரோடு ஜோடி சேர்ந்தது எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஆதார் எண் மாதிரி!

அப்படித்தான் ஒரு ரகசியம் வெளியே வந்தது. 1997-ல் உறைந்த ஏரியைக் கடந்து ஓர் ஆண் ஓநாய் தனியாக வந்திருக்கிறது. பதிவேட்டில் அதன் பெயர் எம்93. வயதாக ஆக முடி வெளுத்ததால் ஆராய்ச்சியாளர்கள் வைத்த செல்லப்பெயரை நம் பாணியில் சொன்னால், ‘சாம்பல் தாத்தா’. உருவத்தில் பெரியது, பலசாலி. 34 குட்டிகளுக்குத் தகப்பன். உள்ளூர் ஓநாய்களின் சோர்ந்துபோன ரத்தத்தில் புது ரத்தம் கலந்தது.

ஆனால், வரமே வினையானது. சில வருடங்களில் தீவில் தாத்தாவுக்குச் சொந்தமில்லாத ஓநாயே இல்லை. அது தன் மகளோடேயே ஜோடி சேர்ந்தது. வேறு யார் இருந்தார்கள்?

ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒன்றில் கோளாறு இருந்தாலும் மற்றொன்று பெரும்பாலும் சமாளித்துவிடும். நெருங்கிய சொந்தத்துக்குள் பிறக்கும்போது அதே கோளாறு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு அதிகம். நம் வீடுகளில் சொந்தத்தில் கல்யாணம் பேசும்போது டாக்டர்கள் எச்சரிப்பதும் இதைத்தான். ஐல் ராயல் ஓநாய்களின் எலும்புகளை ஆராய்ந்தபோது 58 சதவிகிதத்தில் முதுகெலும்பு கோணலாக இருந்தது. மற்ற இடங்களில் அது மிகவும் அபூர்வம்.

போதாக்குறைக்கு, பழைய சுரங்கக் குழி ஒன்றில் விழுந்து மூன்று ஓநாய்கள் இறந்தன. 2014-ல் பனிப்பாலம் உருவானபோது, புதிதாக எதுவும் வரவில்லை. மாறாக ஒரு பெண் ஓநாய் கரைக்குப் போனது. மின்னசோட்டாவின் கிராண்ட் போர்டேஜ் பக்கம், ஏர்கன் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தது.

2016-ல் மிஞ்சியது இரண்டே இரண்டு. ஓர் ஆண், அதன் மகள். அந்த மகள் அதற்குத் தங்கையும்கூட, இரண்டுக்கும் தாய் ஒன்றுதான்!

மறுபக்கம் மூஸ் கூட்டம் பெருகியது. 2019-ல் சுமார் 2,060. இளம் தேவதாருக் கன்றுகளைத் தலையெடுக்கவே விடாமல் மேய்ந்து தள்ளின.

வெளியிலிருந்து ஓநாய் கொண்டு வரலாமா? காட்டை அதன் போக்கில் விட வேண்டும் என்றது ஒரு தரப்பு. பூங்கா நிர்வாகமும் 2014-ல் ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்றது. ஆனால், பனிப்பாலம் முன்போல அடிக்கடி உருவாவதில்லை. பருவநிலையைக் கெடுத்து அந்தப் பாதையை அடைத்ததில் மனிதனுக்கும் பங்கிருக்க, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மட்டும் எப்படி இயற்கை ஆகும்? 2018-ல் முடிவு மாறியது.

அடுத்த ஒரு வருடத்தில் விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் படகிலும் 19 ஓநாய்கள் வந்து இறங்கின. எல்லாம் ஒரே கூட்டத்திலிருந்து அல்ல. மின்னசோட்டாவிலிருந்து 4, மிச்சிகன் நிலப்பரப்பிலிருந்து 4, கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து 11. அந்தப் பதினொன்றில் 8 ஓநாய்கள், கேரிபு மான்களைத் தின்று தீர்த்துவிட்டு இரையில்லாமல் தவித்த மிச்சிபிகோட்டன் தீவுக்காரர்கள். வந்த இடம் பிடிக்காமல் போனதும் உண்டு. 2019 ஜனவரியில் ஏரி உறைந்ததும், மின்னசோட்டாவிலிருந்து வந்த ஒரு பெண் ஓநாய் பனி மேல் நடந்து ஊரைப் பார்த்துக் கிளம்பிவிட்டது!

2024 கணக்குப்படி ஓநாய்கள் 30, மூஸ்கள் சுமார் 840. பழைய ஜோடி இன்று இல்லை.

கோடையில் நடக்க வருகிறவர்கள் கண்ணில் ஓநாய் படுவது அபூர்வம். சேற்றில் ஒரு கால்தடம், இரவில் தூரத்து ஊளை. அதுவே அதிர்ஷ்டம்தான். ஆராய்ச்சிக் குழுவினர் அதே பாதைகளில் குனிந்து எச்சம் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். புதுக் குட்டிகளில் யாருக்கு யார் அண்ணன், யாருக்கு யார் அத்தை என்ற கணக்கு, இந்த முறை ஆரம்பத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.